தாடை இல்லாத தலை

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கிழிக்கலாம். ஆனால் கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் மியூசியத்துக்கு ஒரு அம்மாள் வந்தார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தோழிகளோடு சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர், அப்பாவின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். மணி அடித்துக் கதவு சாத்தும் வரை நகரவில்லை. காவலாளி போய், "அம்மா, கண்ணாடியில கை வைக்கக் கூடாது" என்றாராம். அதற்கு அவர், "இது எங்க அண்ணன்" என்றாராம்.

எந்தப் பெட்டி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பத்தொன்றாம் எண். ஒரு பக்கம், உயிரோடிருந்த ஒருவரின் முகத்தில் பிளாஸ்டர் பூசி எடுத்த அச்சு. மறுபக்கம், அதே ஆளின் மண்டையோடு, கீழ்த்தாடை இல்லாமல். ஒரே மனிதனை உயிரோடு ஒரு முறை, செத்த பிறகு ஒரு முறை அளந்தவன் நான் ஒருவன்தான் என்று அப்பா மார்தட்டுவாரே, அந்த ஜோடி. முகத்தில் எந்த எலும்பின் மேல் எத்தனை கனம் சதை இருக்கும் என்று அவர் போட்ட அட்டவணை இதிலிருந்துதான் வந்தது. அவர் பேர் நாலு ஊர் தாண்டியதும் இதனால்தான்.

அந்த அம்மாள் மலையிலிருந்து வந்த குடும்பம். அவருடைய அண்ணன் இருபது வயதில் "தலை அளக்கிறவர்" கூட மூட்டை தூக்கப் போனவர், நடுவில் ஒரு தடவை ஊருக்கு வந்து போனதோடு சரி, அப்புறம் திரும்பவே இல்லை. வழியில் ஆற்றோடு போய்விட்டான் என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பினார்களாம். இப்போது தங்கை அந்தத் தலையைக் கேட்கிறார். கொண்டுபோய்ப் புதைக்க வேண்டுமாம். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டி மியூசியத்தின் சொத்து இல்லை. அப்பா அதை இரவல்தான் கொடுத்தார். அதுவும் முத்திரை வைத்து. பிள்ளைகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் ஒழிய யாரும் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. நான் போட்டுவிட்டேன். நீ போட வேண்டும். மே மாதம் அப்பாவின் நூற்றாண்டு விழா. கூடத்துக்கு அவர் பேரை வைக்கப் போகிறார்கள், நீதான் பேசப் போகிறாய். அதற்கு முன்னால் இது முடியட்டும். அந்த அம்மாளுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை பொடிசு


மார்ச் 10

அன்புள்ள பொடிசுக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். உன் அண்ணி பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

பிளாஸ்டர் முகத்தைப் பார்த்து ஒருவர் "எங்க அண்ணன்" என்றால் உடனே தூக்கிக் கொடுத்துவிடுவாயா? பிளாஸ்டரில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மாதிரிதான் இருப்பார்கள். மூக்கில் இரண்டு குழல் செருகி அப்பா என் முகத்தையும் ஒரு தடவை எடுத்தார். அதைப் பார்த்துவிட்டு அம்மாவே, "யாரு, பக்கத்து வீட்டுப் பையனா?" என்று கேட்டாள். பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. இவருக்கு இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்ததாக்கும்.

நீ எலும்புப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுகிறாய். தெருவில் "மண்டை வீட்டுப் பிள்ளை" என்று கூப்பிட வைத்துக்கொண்டு வளர்ந்தவன் நான். அப்பாவுக்கு "மண்டை வாத்தியார்" என்று பேர். இப்போதைய பிள்ளைகள் அவரைப் பற்றி எழுதுவதையும் படிக்கிறேன். தலையின் நீளத்தையும் மூக்கின் அகலத்தையும் வைத்து மனிதர்களை மேல், கீழ் என்று தரம் பிரித்தார் என்கிறார்கள். பிரித்தார்தான். இல்லை என்று சொல்ல நான் மூடன் இல்லை. அவர் எழுதியதில் முக்கால்வாசி குப்பைக்குப் போய்விட்டது. நிற்பது அந்தச் சதைக் கன அட்டவணை ஒன்றுதான். அதை வைத்துத்தானே நீ டாக்டர் பட்டம் வாங்கினாய்? அதை வைத்துத்தானே ஆள் அடையாளம் தெரியாத பிணங்களுக்குக் களிமண்ணில் முகம் செய்து போலீஸுக்குக் கொடுக்கிறாய்? நான் பாலம் கட்டின என்ஜினீயர். ஒரே தூணில் நிற்கிற பாலத்தில் அந்தத் தூணை உருவிக் கொடு என்று என்னிடமே கேட்கிறாய்.

பெட்டி வெளியே போனால் அது எப்படி வந்தது என்ற கதையும் வெளியே போகும். அதோடு விழா கோவிந்தா.

விழாவுக்கு வருகிறவர்கள் அப்பா இருந்த வீட்டையும் பார்க்க வருவார்கள் என்று இங்கே தட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கொல்லைக் குழாய்தான் என் உயிரை வாங்குகிறது. கிணற்றடியிலிருந்து பின்சுவருக்கு ஒரே நேராகப் போக வேண்டிய குழாயை அப்பா கூடவே நின்று மூலையைச் சுற்றிப் போட வைத்திருக்கிறார். வருஷா வருஷம் அந்த வளைவில்தான் ஒழுகுகிறது. அத்தனை படித்த மனுஷருக்கு ஒரு நேர்கோடு போடத் தெரியவில்லை. மண்ணைத் தோண்டி நேராக்கச் சொல்லிக் குழாய்க்காரரிடம் பேசியிருக்கிறேன்.

இன்னொரு கூத்து. கிணற்றைத் தூர் வாரினோம், அண்டா கிடைத்தது! பின்கட்டில் அப்பா மண்டையோடுகளை வேகவைத்துச் சுத்தம் செய்வாரே, அந்தச் செப்பு அண்டா. அம்மா கிணற்றில் தவறவிட்டாள் என்று அப்பா ஆயுசு முழுக்கக் கேலி செய்த அதே அண்டா. பச்சைப் பசேலென்று கிடக்கிறது. அண்ணி அதில் செடி வைக்கலாம் என்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கையெழுத்துக் கிடையாது.

உன் அண்ணன்


மார்ச் 15

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்காததை நானே சொல்கிறேன்.

அந்த அம்மாள் கைக்குழந்தையாக இருந்தபோது அண்ணன் அவரைத் தூக்கிக்கொண்டு பாறையில் இறங்கியிருக்கிறார். கால் வழுக்கியது. கையை ஊன்றியிருந்தால் குழந்தை விழுந்திருக்கும். ஊன்றாமல் முகத்தால் விழுந்தார். இடது பக்கத் தாடை உடைந்து, கோணலாகக் கூடியது. "ஆயுசுக்கும் அது எனக்காக வாங்கின கோணல்" என்றார் அந்த அம்மாள். அவர் போன பிறகு நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். பிளாஸ்டர் முகத்தில் இடது தாடை உள்வாங்கி, ஒரு முடிச்சு மாதிரி புடைத்து இருக்கிறது. முப்பது வருஷமாக அதன் முன்னால் நடந்து போயிருக்கிறேன். அது பிளாஸ்டரில் விழுந்த குறை என்றே நினைத்திருந்தேன்.

எல்லா முகமும் ஒரே மாதிரி இருக்காது. பார்க்கிறவர்கள்தான் ஒரே மாதிரி பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னார். அண்ணன் ஒரு தடவை ஊருக்கு வந்திருந்தபோது, அளக்கிறவர் வீட்டில் ஒரு பையன் இருக்கிறான், தோளில் ஏற்றினால் இறங்கவே மாட்டான், வண்டி ஓட்டுகிற மாதிரி என் இரண்டு காதையும் பிடித்து இப்படித் திரும்பு அப்படித் திரும்பு என்பான் என்று சொல்லிச் சிரித்தாராம்.

அந்த வீட்டில் அப்போது ஒரே பையன்தான் இருந்தான். நான் தொட்டிலில் இருந்தேன்.

இப்படிக்கு,
எலும்புப் பிரிவு, மியூசியம்


மார்ச் 29

பொடிசு,

நீ என்னைத் திட்டியிருக்கலாம். "நீங்கள்" என்று எழுதினாயே, அதுதான் பொறுக்கவில்லை.

உடனே பதில் போட முடியவில்லை. உட்கார்ந்தால் அந்தக் காதுகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

நெட்டை மாமா. நான் வைத்த பேர்தான். வாசல் நிலையில் குனிந்துதான் நுழைவார். விசிலடிக்கும்போது வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். அதே மாதிரி நானும் வாயைக் கோணிக்கொண்டு அடிப்பேன், அம்மா திட்டுவாள். அந்தக் கோணல் எதனால் என்று இப்போதுதான் தெரிகிறது. அவர் தோளில் உட்கார்ந்து இந்தத் தெரு முழுக்க நான் ராஜா மாதிரி போயிருக்கிறேன்.

மியூசியத்தில் அந்தப் பெட்டிக்கு முன்னால் எத்தனை தடவை நின்றிருப்பேன், எத்தனை பேரை அழைத்து வந்து காட்டியிருப்பேன். எனக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நான் அவரைப் பெரும்பாலும் மேலேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். உச்சி மண்டையும் காதும்தான் எனக்குத் தெரிந்த நெட்டை மாமா. அட்டையில் பேரும் இல்லை, ஒரு எண்தான்.

அவர் ஆற்றில் போகவில்லை, பொடிசு. நம் வீட்டில்தான் படுத்திருந்தார். விஷக் காய்ச்சல். என்னைக் கிட்டே விடவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் கட்டில் காலி. "ஊருக்குப் போயிட்டாரு" என்றார் அப்பா. சொல்லாமல் போய்விட்டாரே என்று எனக்குக் கோபம். ரொம்ப நாள் கோபமாகவே இருந்தேன்.

அப்படியென்றால் அந்தப் பின்கட்டில், அந்த அண்டாவில்... மேலே எழுத முடியவில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அண்ணி டாக்டரைக் கூப்பிடட்டுமா என்கிறாள்.

திறந்து அளக்க மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். கொடுக்க இல்லை. திற, அப்பா தலை அளக்க வைத்திருந்த அந்தக் காலிப்பரையே எடுத்து அள. அவர் கணக்கு இம்மியளவும் பிசகவில்லை என்று எனக்கு எழுது. அவர் செய்தது அக்கிரமம் என்றால், அந்த அக்கிரமத்தால் ஒரு பிரயோஜனமாவது இருந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் நான் அந்த மனுஷரை எங்கே கொண்டு வைப்பேன்?

உன் அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணா,

உட்கார்ந்துகொண்டு படி. அண்ணியும் பக்கத்தில் இருக்கட்டும்.

முத்திரையை உடைத்தோம். மியூசிய இயக்குநர் இருந்தார், என்னுடன் வேலை பார்க்கிற பெண்ணும் இருந்தாள். அப்பாவின் காலிப்பரால்தான் அளந்தேன். முதலில் பிளாஸ்டர் முகத்தின் அகலம், கன்னத்துக்குக் கன்னம். அப்பா அச்சிட்ட எண்தான் வந்தது. பிறகு மண்டையோட்டில் அதே இடம்.

எலும்பு முகத்தை விட அகலமாக இருக்கிறது.

நீ என்ஜினீயர், உனக்கு விளக்க வேண்டியதில்லை. எலும்பின் மேல்தான் சதை, அதன் மேல்தான் தோல். முகம் எலும்பை விட அகலமாகத்தான் இருக்க முடியும். இந்த மண்டையோட்டை அந்த முகத்துக்குள் வைத்தால் இரண்டு பக்கமும் எலும்பு கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும். சந்தேகத்துக்கு அந்தப் பெண்ணையும் அளக்கச் சொன்னேன். அவளுக்கும் அதே எண். அப்பாவின் அட்டவணையில் மண்டையோட்டுக்குப் போட்டிருக்கிற அளவுகள் இந்த மண்டையோட்டினுடையவை இல்லை. எந்த மண்டையோட்டினுடையவையும் இல்லை. மனசுக்குத் தோன்றியதைப் போட்டிருக்கிறார்.

இது அந்த மனிதரின் தலை இல்லை. வேறு யாரோ.

அவர் ஏன் முத்திரை வைத்தார், ஏன் இரண்டு கையெழுத்துக் கேட்டார், ஏன் கீழ்த்தாடை "பயணத்தில் தொலைந்தது" என்று எழுதினார் என்று இப்போது புரிகிறது. தாடை இருந்தால் கோணல் இருக்க வேண்டுமே. உலகம் முழுக்க அவருடைய அட்டவணையை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். தலையை யாரும் திரும்ப அளக்கவில்லை. மகள் நானும் அளக்கவில்லை.

அட்டவணை பொய் என்றால் நான் செய்த முகங்களும் பொய். போன வருஷம் ஒரு பெண்ணின் மண்டையோட்டுக்கு நான் முகம் வைத்துக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு குடும்பம் வந்து "எங்க பொண்ணுதான்" என்று அழுதுவிட்டு எடுத்துக்கொண்டு போனது. அவர்கள் யாரை எடுத்துக்கொண்டு போனார்கள், அண்ணா? அவர்கள் பெண் எங்கேயோ உயிரோடு இருந்தால்?

இயக்குநர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "விழா முடியிற வரைக்கும் இது இந்த அறைக்குள்ளேயே இருக்கட்டும்" என்றார். நான் காலிப்பரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

பொடிசு


ஏப்ரல் 9

அன்புள்ள பொடிசுக்கு,

முதலில் மூச்சு விடு. எனக்கு மூச்சு வந்துவிட்டது. அப்பா நெட்டை மாமாவைத் தொடவில்லை! உன் கடிதத்தைப் படித்த பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை.

இரண்டாவது, அவசரப்படாதே. பிளாஸ்டர் காய்ந்தால் சுருங்கும். ஐம்பது வருஷத்துக்கு மேல் கண்ணாடிக்குள் இருந்து காய்ந்திருக்கிறது. உன் வித்தியாசம் அதிலேயே போயிருக்கும்.

மூன்றாவது, சுருங்கவே இல்லை என்றே வைத்துக்கொள். அந்த அம்மாள் கேட்டது அண்ணனின் தலையை. இது அண்ணனின் தலை இல்லை. எனவே கொடுக்க ஒன்றும் இல்லை. "அம்மா, பரிசோதனை செய்தோம், இது உங்கள் அண்ணன் இல்லை" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பு. அது பொய்யும் இல்லை. பெட்டியை மூடு. நீ அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறவள். இத்தனை வருஷம் சேர்த்த பேரை உன் கையாலேயே கொளுத்திக்கொள்ளாதே. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். முழுகப் போவது நீதான்.

அண்ணன் என்ற முறையில் சொல்கிறேன். மூடு.

உன் அண்ணன்


ஏப்ரல் 14

அண்ணா,

பிளாஸ்டர் இறுகும்போது சுருங்காது, கொஞ்சம் உப்பும். உண்மையான முகம் இந்த அச்சை விடவும் இன்னும் ஒடுக்கம். பாலம் கட்டினவருக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே எழுதினாய்.

மூடலாமா என்று நானும் யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். அப்புறம் அந்த அம்மாளைக் கூப்பிட்டு, நீ சொன்ன அதே வார்த்தையைச் சொன்னேன். இது உங்கள் அண்ணன் இல்லை என்று. அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேனா, தெரியவில்லை. "அப்ப அவன் எங்கம்மா?" என்றார்.

அவ்வளவுதான். எலும்பு எலும்பாக எடுத்துப் பார்த்தே வயதாகிவிட்டது. அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை.

மறுநாள் போலீஸுக்குப் போனேன். நான் செய்து கொடுத்த எல்லா முகங்களையும் திரும்பப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர், "மேடம், இதை நீங்க எழுதித்தான் ஆகணுமா?" என்று கேட்டார். எழுதித்தான் ஆகணும் என்றேன். விசாரணை முடியும் வரை நான் ஊரை விட்டு நகரக் கூடாது. பிரிவின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்துக்கும் ஆள் போயிருக்கிறது. அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது உன் முறை போய் என் முறை வந்துவிட்டது.

அப்பா அவரைத் தொடவில்லை என்று சந்தோஷப்பட்டாய். நானும் பட்டேன். ஆனால் ஒரு ஆள் நம் வீட்டுக் கட்டிலில் செத்திருக்கிறார். ஆற்றில் போகவில்லை, ஊருக்கும் போகவில்லை, மியூசியத்திலும் இல்லை. அவர் கடைசியாக இருந்த வீட்டில் நீ இருக்கிறாய். நீதான் அண்ணா யோசிக்க வேண்டும். அவர் எங்கே?

பொடிசு


ஏப்ரல் 17

பொடிசு,

குழாய்க்காரர் இன்று காலை கடப்பாரையோடு வந்தார். மூலையில் முதல் அடி போட்டார். நான் கத்திவிட்டேன். எதற்குக் கத்தினேன் என்று எனக்கே அப்போது தெரியாது. அவர் பயந்துபோய்க் கடப்பாரையைப் போட்டுவிட்டார். திருப்பி அனுப்பிவிட்டேன்.

இப்போது எதுவும் கேட்காதே.


ஏப்ரல் 20

அண்ணா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அண்ணி எடுத்து, "அவரு கொல்லையிலயே நாற்காலியைப் போட்டு உக்காந்துருக்காரு" என்று சொன்னாள்.

குழாய் எங்கே வளைகிறது என்று எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த மூலையில் பந்து விழுந்தால்கூட அப்பா தானே போய் எடுத்து வருவார்.

எனக்கு வர முடியாது. அதனால் சொல்கிறபடி செய். முதலில் போலீஸ் நிலையத்தில் போய்ச் சொல். கடப்பாரையும் மண்வெட்டியும் வேண்டாம். கொத்தனார் கரண்டியும் பெயின்ட் பிரஷும் போதும். மண்ணைச் சீவிச் சீவி எடு. எதையும் பிடித்து இழுக்காதே. ஏதாவது தெரிந்தால் நிறுத்திவிட்டு, சுற்றிலும் மண்ணை எடு.

அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டேன். நிச்சயமில்லை, ஒன்றும் இல்லாமலும் போகலாம் என்றுதான் சொன்னேன். "ஒண்ணும் இல்லேன்னாலும் அவன் இருந்த வீட்டைப் பாத்துட்டு வரேன்" என்றார். ரயில் ஏற்றிவிட்டேன். கையைப் பிடித்து இறக்கு, அண்ணா. பார்வை சரியில்லை.

பொடிசு


மே 2

அன்புள்ள பொடிசுக்கு,

நெட்டை மாமா கிடைத்துவிட்டார்.

நீ சொன்னபடியே செய்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து அப்பாவின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் மண்டி போட்டுக்கொண்டு கரண்டியால் சீவினேன். வேறு யாரையும் தொட விடவில்லை. முதலில் கால் தெரிந்தது. அங்கிருந்து மேலே மேலே போகப் போக, முடிகிற பாடாக இல்லை. எவ்வளவு நீளம்! குழாய் ஏன் அத்தனை தூரம் வளைந்து போகிறது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த உயரத்துக்கு அவ்வளவு வளைவு வேண்டும். நேர்கோடு தெரியாதவர் என்று எழுதினேனே, அப்பா அளந்துதான் போட்டிருக்கிறார்.

முழுசாக இருக்கிறார், பொடிசு. நேராகப் படுக்க வைத்து, கைகளை நெஞ்சில் சேர்த்து, தலைக்கு அடியில் ஒரு செங்கல்லைத் தலையணை மாதிரி வைத்திருக்கிறார்கள். தலை அதன் இடத்தில்தான் இருக்கிறது. தாடையும்.

அந்த அம்மாளை ரயிலிலிருந்து நான்தான் இறக்கினேன். வீட்டுக்கு வந்ததும் வாசல் நிலையைத் தடவிப் பார்த்து, "இதுல இடிச்சுக்குவேன்னு சொல்லுவான்" என்றார். குழிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். கண் அவ்வளவாகத் தெரியவில்லை, கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துத் தாடையில் வைத்தேன். விரலால் இடது பக்கம் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். முடிச்சு வந்த இடத்தில் நின்றார். விரலை எடுக்கவே இல்லை. "இவன்தான்" என்றார். போலீஸ்காரர் எழுந்து நின்றுகொண்டார். அண்ணி உள்ளே போய்விட்டாள். நான் அழுதேன். சொல்லாமல் போய்விட்டார் என்று இத்தனை வருஷம் அந்த மனுஷர் மேல் கோபமாக இருந்திருக்கிறேன். அவர் நான் விளையாடிய இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

அண்டாவைப் பற்றி இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன். இரண்டு ஆள் பிடித்தால்தான் அது நகரும். அதை ஒரு பெண் கிணற்றில் எப்படித் தவறவிட முடியும்? அது தவறி விழவில்லை. அம்மா உருட்டிக்கொண்டு போய்த் தள்ளியிருக்கிறாள். அவள் தள்ளியதால் அப்பாவால் செய்ய முடியாமல் போனதா, அப்பாவுக்கே மனசு வராமல் அம்மாவைத் தள்ளச் சொன்னாரா, தெரியாது. இரண்டு பேரும் போய்விட்டார்கள், கேட்க ஆளில்லை. அப்பாவுக்கே மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். அவர் வாழ்க்கையிலேயே உருப்படியாகச் செய்த காரியம் இதுதான், அதை மறைக்கத்தான் அத்தனை பொய்யும் என்று உனக்கு எழுத நினைத்தேன். நல்லவேளை, எழுதவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மாள் கேட்டார். நெட்டை மாமாவை வைத்த பெட்டியை வண்டியில் ஏற்றியாகிவிட்டது, அவரும் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் வழியாகக் குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அங்க கண்ணாடிக்குள்ள இருக்கிறவன் யாருப்பா?" என்றார்.

"தெரியலம்மா."

"அவனுக்கும் ஒரு தங்கச்சி இருந்திருக்கும்" என்றார்.

வண்டி போய்விட்டது. நான் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தேன். பழகின தலையை எடுக்க நம் அப்பாவுக்குக் கை வரவில்லை. பழகாத தலை சுலபமாகக் கிடைத்துவிட்டது. யார் வீட்டுக் கட்டிலிலிருந்து, யார் தோண்டிய குழியிலிருந்து என்று அவர் கேட்டிருக்கவே மாட்டார். நெட்டை மாமா நம் வீட்டில் என்னைத் தோளில் தூக்கியதால் முழுசாகப் புதைக்கப்பட்டார். அந்த இன்னொருவர் யாரையும் தூக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இதை நினைத்தால் எனக்கு அப்பா மேல் வருகிற கோபம், அவர் உண்மையிலேயே நெட்டை மாமாவை அண்டாவில் போட்டிருந்தால்கூட வந்திருக்காது.

உன் இயக்குநருக்கு எழுதிவிட்டேன். கூடத்துக்கு அப்பா பேர் வேண்டாம். ஆனால் கூட்டத்தை நிறுத்த வேண்டாம், நான் வந்து பேசுகிறேன். இதைத்தான் பேசப் போகிறேன். அவர் நிறுத்தினால் வாசலில் நின்று பேசுவேன், பாலம் கட்டின இடத்தில் கத்திக் கத்திப் பழகின தொண்டைதான். உன்னையும் விசாரணை என்ற பேரில் ஒரு மூலையில் உட்கார வைத்திருக்க முடியாது, முதல் வரிசையில் வந்து உட்கார். நீ போன வருஷம் முகம் வைத்துக் கொடுத்த அந்தப் பெண்ணின் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று எழுது. எதுவாக இருந்தாலும் எழுது. தனியாக வைத்துக்கொண்டு கிடக்காதே.

நாற்பத்தொன்றாம் எண் அட்டையை எடுக்கச் சொல்லிவிடு. புது அட்டை எழுதி இதோடு அனுப்பியிருக்கிறேன்: "இவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் அப்பாவுக்கும் தெரியாது. தேடுகிறவர்கள் இருந்தால் எங்களிடம் வாருங்கள்."

பெட்டியைத் திறக்க நம் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்றார் அல்லவா, இந்த அட்டைக்குக் கீழேயும் இரண்டும் இருக்கட்டும். என்னுடையதைப் போட்டுவிட்டேன். மேலே இடம் விட்டிருக்கிறேன், அங்கே நீ போடு. முதலில் போட்டவள் நீதான்.

உன் அண்ணன்